கடிதம் யார் கைக்குப் போகும்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆகஸ்டில் தெற்கு டெக்சாஸுக்கு வந்திருக்கிறீர்கள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை, கூடவே கேம்பஸ் ஹெல்த் சென்டரில் பகுதி நேர வேலை. முதலாண்டு மாணவர்களுக்கு எச்ஐவி தடுப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பெரும்பாலானோர் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள். "எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, எங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை, எந்த முகத்தோடு போய் நிற்பது அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

ஸ்பானிஷ் பற்றிய கவலையை விடுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பில் ஆங்கிலம்தான் சரளம், பலருக்கு ஸ்பானிஷ் வீட்டு மொழி. ஸ்பானிஷில் ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும் கையில் இருக்கட்டும். அம்மாவிடம் பேசத் துணியும் பிள்ளைக்கு அது உதவும். அவர்களை ஹிஸ்பானிக் என்பதா, லத்தினோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) என்பதா, மெக்சிகன் அமெரிக்கர் என்பதா என்று குழம்ப வேண்டாம். அவர்களிடமே கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள்.

பதினேழு வருடங்களுக்கு முன் என் முதல் வகுப்பில் நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது. முதல் ஸ்லைடிலேயே புள்ளிவிவரத்தைப் போட்டுவிட்டேன். இன்றைய கணக்கும் அதே மாதிரிதான்: 2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 31,800 பேருக்குப் புதிதாகத் தொற்றியது, அதில் மூன்றில் ஒரு பங்கு லத்தினோ மக்கள். மக்கள்தொகையிலோ அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். முன்வரிசையில் ஒரு பெண், "அப்படியென்றால் எங்களிடம்தான் ஏதோ கோளாறு என்கிறீர்களா?" என்று கேட்டாள். அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் இருக்கிறது, அதை எண்ணோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தொற்றாமல் காக்கும் பிரெப் மருந்து தேவைப்படும் லத்தினோ மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் அது எழுதித் தரப்படுகிறது. இன்சூரன்ஸ் இல்லாத குடும்பங்கள் அதிகம். பாலியல் கல்வி என்றால் உடலுறவிலிருந்து விலகியிருப்பதைத்தான் முன்னிறுத்த வேண்டும் என்பது டெக்சாஸ் பள்ளிச் சட்டம். பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் கல்லூரிக்கு வருகிறார்கள் என்றால் அது அவர்கள் குற்றமில்லை.

ஆனால் இத்தனை வருடத்தில் நான் கண்ட பெரிய தடை அறியாமைகூட இல்லை. "வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ?" என்ற பயம். இங்கே 26 வயது வரை பெற்றோரின் இன்சூரன்ஸிலேயே இருக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் பிள்ளை ஒரு பரிசோதனை செய்துகொண்டால், என்ன சேவைக்கு எவ்வளவு தொகை என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஈஓபி என்றொரு கடிதம் அனுப்பும். அது பாலிசி வைத்திருக்கும் அப்பாவின் பெயருக்குப் போகும். இவர்களில் பலர் விடுதியில் இல்லை, பெற்றோர் வீட்டிலிருந்தே கல்லூரிக்கு வருகிறார்கள். பாட்டி தபாலைப் பிரித்து மேசையில் வைக்கும் வீடு. புதிய தொற்றில் பெரும்பகுதி ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம்தான். உங்கள் வகுப்பிலும் அதை யாரிடமும் சொல்லாத ஒரு பையன் இருப்பான். அவனுக்கு அந்தக் கடிதம் வைரஸை விடப் பெரிய பயம்.

அதனால் மருந்துக்கு முன்னால் ரகசியத்தைப் பேசுங்கள். கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையிலும் சமூகக் கிளினிக்குகளிலும் இன்சூரன்ஸைத் தொடாமல் இலவசமாகப் பரிசோதனை செய்யும் இடங்கள் உண்டு. உங்கள் ஊரில் எங்கே, எந்த நாளில், எந்த பஸ்ஸில் போவது என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கடிதத்தை வேறு முகவரிக்கு அனுப்பும்படி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். இன்னொரு பயம் விசா, கிரீன் கார்டு. எச்ஐவி இருந்தால் நாட்டுக்குள் விடக் கூடாது என்ற விதி 2010 ஜனவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இது உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் பிரெப் மருந்து. 2012 முதல் மாத்திரை, 2021 முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி, 2025 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. மாத்திரை டப்பாவை வீட்டில் ஒளிக்க இடமில்லாத பிள்ளைக்கு ஊசி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பாதுகாப்பில்லாத உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் பெப் (நடந்த பிறகு தொற்றைத் தடுக்க எடுக்கும் மருந்து) தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை போனாலும் நேரம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்த 72 என்ற எண் ஒன்றையாவது அவர்கள் மனப்பாடமாக எடுத்துக்கொண்டு போகட்டும். நேற்று நடந்ததை இன்றைய சோதனை காட்டாது என்பதையும் சொல்லுங்கள், நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் சோதனையில் தொற்று தெரியவே, தொற்றிய நாளிலிருந்து 18 முதல் 45 நாள் ஆகும். ஆணுறை பற்றிக் கூச்சமில்லாமல் செய்து காட்டுங்கள்.

மருந்து எடுத்து ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. ஸ்பானிஷில் இதை 'இன்தெதெக்தாப்ளே, இன்த்ரான்ஸ்மிசிப்ளே' என்பார்கள். இந்த உண்மைக்கு அடித்தளம் போட்ட பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 2011இல் முடிவு வந்தது, அதில் சென்னையும் ஒரு மையம். "எங்கள் ஊர்த் தம்பதிகளும் இதில் பங்கெடுத்தார்கள்" என்று நான் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். நான் வெளியாள் என்ற உணர்வு எனக்கே அங்கேதான் குறைந்தது.

பெத்ரோ சமோராவைப் பற்றியும் சொல்லுங்கள். கியூபாவில் பிறந்து 1980இல் எட்டு வயதில் புளோரிடாவுக்கு வந்தவர். பள்ளியில் படிக்கும்போதே, 17 வயதில், ரத்த தானம் செய்யப்போய்த் தொற்று தெரியவந்தது. அதை மறைக்காமல் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார், அமெரிக்க நாடாளுமன்றத்தில் சாட்சியம் சொன்னார், 1994இல் எம்டிவி தொலைக்காட்சி நிகழ்ச்சி மூலம் வீடு வீடாக அறிமுகமானார். அதே ஆண்டு நவம்பரில் 22 வயதில் போய்விட்டார். உயிர்காக்கும் கூட்டு மருந்துகள் வந்தது அடுத்த இரண்டு ஆண்டுக்குள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் கம்மும்.

கேள்வி நேரத்தில் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சீட்டு, ஒரே மாதிரி பேனா கொடுங்கள். கேள்வி இல்லாதவர்களும் மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்றாவது எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அப்போதுதான் யார் எழுதுகிறார் என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்க மாட்டார். ஸ்லைடு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், இந்த வார இறுதிக்குள் பார்த்துத் தருகிறேன்.