குறைமாதக் குழந்தைக்கு ஃப்ளூ ஊசி: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: பச்சிளங்குழந்தைகள் மருத்துவர்

தஞ்சாவூர் அம்மா: மகன் 28 வாரத்தில் பிறந்தான், எடை 1,050 கிராம். இப்போது ஆறு மாதம். கரெக்டட் ஏஜ்படி (பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணும் வயது) மூன்று மாதம்தானே, ஃப்ளூ ஊசிக்கு இன்னும் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள், டாக்டர்.

பொறுக்க வேண்டாம்மா. குப்புற விழுந்தானா, உட்கார்ந்தானா என்று பார்க்கத்தான் கரெக்டட் ஏஜ். ஊசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு, அதிலிருந்து ஆறு மாதம் முடிந்தால் போடலாம். தாயின் எதிர்ப்பொருள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். 28 வாரத்திலேயே வந்துவிட்டவனுக்கு அதில் கிடைத்தது சொற்பம். அதோடு என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) பல வாரம் ஆக்சிஜனில் இருந்த நுரையீரல் என்றால், மற்றப் பிள்ளைகள் மூக்கொழுகலோடு தாண்டிவிடும் ஃப்ளூகூட இவனைத் திரும்ப ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். இவனுக்குத்தான் தள்ளிப்போடவே கூடாது. முதல் முறை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒன்று போதும்.

கோவை அம்மா: பாப்பா ஐந்து கிலோதான். பாதி மருந்து போட்டால் போதுமா?

போதாது. அளவு எடையைப் பார்த்து வருவதில்லை. அந்தந்தக் கம்பெனி ஊசிக்கு அந்த வயதுக்கு என்ன சொல்லியிருக்கிறதோ, அது முழுதாகப் போக வேண்டும். இடம், தொடையின் முன்பக்கம் சற்று வெளிப்புறமாக. ஒல்லித் தொடை என்றால் நர்ஸ் தசையை விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போடுவார். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புட்டத்தில் மட்டும் வேண்டாம்.

மதுரை அப்பா: ஒன்றரை மாதத்திலேயே அரசு ஆஸ்பத்திரியில் இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டாச்சே?

அது பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க்கான ஊசியில் இருக்கும் ஹிப், அதாவது ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி. பெயர்தான் ஒன்றுபோல. பாக்டீரியாவுக்கு எதிரானது. ஃப்ளூ வைரஸ், அதற்குத் தனி ஊசி. அரசின் இலவச அட்டவணையில் அது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கடையில் வாங்கிப் போவதானால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் அதைப் போடக் கூடாது.

சேலம் அம்மா: 32 வாரக் குழந்தை. எந்த வயதைக் கணக்கில் எடுப்பது?

பிறந்த தேதி. தஞ்சாவூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு அப்பா: மூன்று வகை ஊசியா, நான்கு வகையா?

எது கிடைக்கிறதோ அது. மூன்று வகை, நான்கு வகை என்பது ஊசி தடுக்கும் ஃப்ளூ வைரஸ்களின் எண்ணிக்கை; நான்காவதான பி/யமகட்டா வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு தென்படவில்லை.

திருச்சி அப்பா: வீண் செலவு. போன வருடம் போட்ட மறு வாரமே மகளுக்குச் சளிக் காய்ச்சல்.

நாகர்கோவில் அம்மா: அப்படிச் சொல்லாதீர்கள் சார். போடாமல் விட்டு, ஃப்ளூ வந்து, என் பையன் ஐசியூவில் கிடந்தான்.

திருச்சி அப்பா: போட்டும் வந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நான் சொல்கிறேன். அந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் லேசாக உடம்பு சுடலாம், அவ்வளவுதான். பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். சளி தரும் மற்ற வைரஸ்களை அது தடுக்கவும் தடுக்காது. போட்டும் சிலருக்கு ஃப்ளூ வருவது உண்மைதான் சார். ஆனால் நோய் முற்றி ஐசியூவரை போகும் ஆபத்து குறைகிறது. குறைமாதப் பிள்ளைக்கு அந்தக் குறைவு பெரிய விஷயம்.

விருதுநகர் அம்மா: குழந்தைக்கு நான்கு மாதம். மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு ஊசி வேண்டாமாம்.

ஆறு மாதத்துக்குள் குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது. தூக்குகிறவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் காவல். பேரனுக்காக என்று சொல்லுங்கள், கேட்பார். நீங்களும் போடுங்கள், பாலூட்டுவது தடையில்லை.

கடலூர் அம்மா: 34 வாரத்தில் பிறந்தாள். கரெக்டட் ஏஜ் பார்த்து...

பிறந்த தேதி, பிறந்த தேதி! தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

சென்னை அப்பா: எந்த மாதம் போடுவது நல்லது?

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ கூடும். செப்டம்பருக்குள் இரண்டாவது டோஸும் முடிந்தால் நல்லது. டிசம்பரில்தான் ஆறு மாதம் முடிகிறதா, டிசம்பரிலேயே போடுங்கள்.