பீர்க்கு பூத்திருச்சா பாரு

கேள்வி: சென்னையில் 34 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு மணப்பாறை பக்கம் கணவரின் சொந்த ஊருக்கே குடி வந்துவிட்டோம். எட்டு மாதம் ஆகிறது. ஓட்டு வீடு, கிணறு, பின்னால் கொஞ்சம் தோட்டம். எல்லோரும் “கொடுத்து வைத்தவள்” என்கிறார்கள். எனக்கோ பதினோரு மணிக்கு மேல் பொழுது நகர மாட்டேன் என்கிறது. தினமும் எழுதலாம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். மூன்றாம் நாளே “இன்று விசேஷம் இல்லை” என்று எழுதி மூடிவிட்டேன். ஆடியில் போட்ட பீர்க்கங்கொடி பூத்துத் தள்ளுகிறது, ஒரு காய் நிற்கவில்லை. திருஷ்டி என்று மாமியார் பந்தலில் பழைய செருப்பைக் கட்டியிருக்கிறார். ஜன்னல் சட்டத்தில் வேறு குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. கணவர் உடைத்துப் போடு என்கிறார். வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது, தொடாதே என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது? அந்த நோட்டில் எதைத்தான் எழுதுவது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்தக் கொடியை எத்தனை மணிக்குப் போய்ப் பார்க்கிறீர்கள்? காலையில் காபி முடித்துத் தண்ணீர் விடப் போகும்போதுதானே? அப்போது நீங்கள் பார்ப்பது நேற்றைய பூ. பீர்க்கு மாலையில் பூக்கிற ஜாதி. வெயில் தாழ்ந்து ஐந்து, ஐந்தரைக்கு மேல் விரியத் தொடங்கி, ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும். வெள்ளைப் பூ பூக்கிற சுரையும் அப்படித்தான். பூசணியும் பாகலும் காலைக் கட்சி. எங்கள் பெரியத்தை விளக்கேற்ற கடிகாரம் பார்த்தவரில்லை. “பீர்க்கு பூத்திருச்சா பாரு”ன்னு எங்களில் ஒருத்தியைக் கொல்லைக்கு விரட்டுவார். பூத்திருந்தால் திரியைத் தூண்டுவார். ஐப்பசி மழை நாளில், வானம் இருட்டி நேரமே தெரியாதபோதும் அவருக்கு அதுதான் கணக்கு.

ஒரு சாயங்காலம் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருங்கள். முறுக்கிக்கொண்டு நிற்கிற மொட்டு ஒன்றைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போய் வராமல் பார்த்தால், முறுக்கு தளர்ந்து இதழ் பிரிவது தெரியும். லேசான வாசனையும் வரும். அந்த வெளிறிய மஞ்சளைத்தான், காதலனைப் பிரிந்த ஏக்கத்தில் பசலை படர்ந்து நிறம் மாறிய பெண்ணின் மேனிக்குச் சங்கப் புலவர்கள் உவமை சொன்னார்கள். சாயங்காலம் பூவைப் பார்த்த பிறகுதான் அந்த உவமையின் நிறம் எனக்குப் பிடிபட்டது. பகலில் கடையில் வாங்குகிற காயோடு உறவாடினால் அது கிடைக்காது.

இனி காய்க்கு வருவோம். கணுவில் கொத்தாக வருவது ஆண் பூ. தனியாக, பூவுக்கு அடியில் வரி வரியாய்ச் சுண்டுவிரல் அளவு பிஞ்சோடு வருவது பெண் பூ. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும், அதில் திருஷ்டி ஒன்றுமில்லை. எருவையும் யூரியாவையும் அள்ளிப் போட்டிருந்தால் இலையும் ஆண் பூவுமாகவே இன்னும் கொஞ்ச நாள் ஓடும். பிஞ்சோடு வந்த பூவும் மஞ்சளித்து விழுகிறதென்றால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். அந்தி நேரத்து விட்டில்களும் பூச்சிகளும் செய்ய வேண்டிய வேலை அது. அவை வராவிட்டால் நீங்கள் செய்யுங்கள். ஆறு, ஆறரைக்கு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்றுங்கள். காம்பில் ஒரு நூல் கட்டிவிட்டால் அடையாளம். மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருத்தால் பலித்தது. செருப்பு அங்கேயே தொங்கட்டும், கொடிக்கு அதனால் நஷ்டமில்லை, மாமியாருக்கும் ஒரு திருப்தி.

குளவி விஷயத்திலும் நான் மாமியார் கட்சி, காரணம் வேறு. மண்கூடு கட்டுகிற குளவி கூட்டமாய் வந்து கொட்டுகிற ரகம் இல்லை. ஒற்றைத் தாய். கிணற்றடி ஈரத்தில் மண்ணை உருட்டி எடுத்து வந்து, ரீங்காரம் போட்டபடியே பூசும். உங்கள் ஜன்னலில் அறை அறையாய் ஒட்டியிருந்தால் உள்ளே சிலந்திகள் இருக்கும். சின்னப் பானை மாதிரி தனித்தனியாய் இருந்தால் பச்சைப் புழுக்கள். குளவி அவற்றைக் கொட்டும், ஆனால் கொல்லாது. அசையாமல் கிடக்கும்படி கொட்டி, உள்ளே அடுக்கி, ஒரு முட்டை இட்டு, வாயைப் பூசிவிட்டுப் போய்விடும். திரும்பி வந்து காவல் காக்காது.

நானும் ஒருமுறை, வெள்ளையடிக்க ஆள் வந்த அவசரத்தில், ஒரு கூட்டைக் கரண்டியால் பெயர்த்தேன். பத்துப் பன்னிரண்டு சிலந்திகள் கீழே உதிர்ந்தன. செத்தவை என்று பெருக்கப் போனவள் ஒன்றைக் கையில் எடுத்தேன். கால் விறைக்கவில்லை, மடக்கினால் மடங்கியது. முதுகில் இருந்த பச்சை நிறம்கூட மங்கவில்லை. நடுவே ஒன்றின் வயிற்றில் அரிசி நொய் மாதிரி வெள்ளையாய் ஒரு முட்டை ஒட்டியிருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று உபந்நியாசங்களில் குருவுக்கும் சீடனுக்கும் உவமை சொல்வார்களே, அது இந்தக் கூட்டைப் பார்த்து வந்ததுதான். புழுவை வைத்து மூடுகிறது, திறந்துகொண்டு குளவி வருகிறது. வெளியே இருந்து பார்த்தவர் வேறு என்ன நினைப்பார்? உள்ளே நடப்பது குளவிக் குஞ்சின் சாப்பாடு. சீடர்களிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே கூட்டில் உருண்டையாய் ஓட்டை விழும்வரை விடுங்கள். ஓட்டை விழுந்தால் பிள்ளை பறந்துவிட்டது. அதன்பிறகு உங்கள் வீட்டுக்காரர் தாராளமாய் உடைக்கலாம். உடைக்கும்முன் மண்ணின் நிறத்தைப் பாருங்கள், ஒரே கூட்டில் செம்மண் பட்டையும் கருமண் பட்டையும் மாறி மாறி இருக்கும். எந்த நிறம் எந்த இடத்து மண் என்று கண்டுபிடிப்பது ஒரு வார வேலை. பேரப்பிள்ளை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மகனிடமும் மருமகளிடமும் குளவியைக் காட்டி விசாரிக்காதீர்கள், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு மேல் பொழுது நகரவில்லை என்கிறீர்கள். அந்த நேரத்தில் ஊரில் எதுவும் நகராது, தங்கை. நாய்கூடத் திண்ணை நிழலில் கிடக்கும். உங்கள் உடம்பு இன்னும் பள்ளிக்கூட மணிக்கு ஓடுகிறது. நாலாவது பீரியட் எங்கே என்று தேடுகிறது. உங்கள் மாமியார் அப்போது என்ன செய்கிறார்? தூங்குவார் என்று பந்தயம் கட்டுகிறேன். நீங்களும் படுங்கள். விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும்தான் அங்கே வேலை.

படுக்கப் பிடிக்காவிட்டால் கணக்கு டீச்சருக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு ஒன்று பதித்திருப்பார்கள். பகல் பன்னிரண்டே காலுக்கு அதன் வழியாக விழுகிற வெயில் வில்லையைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். வாரம் ஒரு வட்டம். இப்போது புரட்டாசி, வட்டம் வடக்கே நகர்ந்துகொண்டே போகும். ஓடு தரையிலிருந்து பத்தடி உயரம் என்றால், மார்கழி முதல் வாரத்தில் அதற்கு நேர் கீழிலிருந்து ஏழடிக்குக் கொஞ்சம் குறைவாக வடக்கே போய் நின்று, பிறகு திரும்பும். சித்திரை முதல் வாரத்தில் ஓட்டுக்கு நேர் கீழே வந்துவிடும். ஆனியில் தெற்கே இரண்டடி சொச்சம். ஏன் இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் இரண்டு? கோணக் கணக்கின் டான் (tan) அட்டவணையும் உங்கள் ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தரையைத் துடைக்கிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் தை மாதம் வரை வரைந்த வட்டங்கள் பொங்கல் சுத்தத்தில் போயின.

நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். உணர்ச்சி எதுவும் எழுத வேண்டாம். தேதி, மணி, பார்த்தது. “5.40, மூன்றாம் கணு, பெண் பூ, நூல் கட்டினேன்.” போதும். சந்தேகம் வந்தால் மாமியாரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். சரியோ தப்போ, அடுத்த வாரம் பந்தலே சொல்லும்.

ஆறரைக்கு இருட்டிவிடும், டார்ச் பிடிக்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். காய் ஒரு வாரம் பத்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும், நார் விழ விடாதீர்கள். தோலைச் சீவி எறிய வேண்டாம், துவையலுக்கு ஆகும்.