கொத்துப் பரோட்டா சத்தமும் ஜன்னலோர சீட்டும்

(ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியரின் பதில்கள்)

என் மகனுக்கு 7 வயசு. பரோட்டான்னா உயிர். ஆனா கடையில கொத்து போட ஆரம்பிச்சதும் காதைப் பொத்திக்கிட்டுத் தரையில உருண்டு அழறான். அடம்னு நெனச்சு ரெண்டு வாட்டி அடிச்சுட்டேன்.
*வில்லாபுரத்திலிருந்து ஓர் அப்பா*

அடம் பிடிக்கிற பிள்ளை, நீங்கள் கவனிக்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கைக்கு வந்ததும் அடங்கிவிடும். உங்கள் மகன் எதையும் கேட்கவில்லை. சத்தம் நின்றால் போதும் அவனுக்கு. கல்லில் தகடு விழும் அந்தத் தாளம் நமக்குப் பசியைக் கிளப்பும்; அவனுக்கு மண்டைக்குள் அடிப்பது போல இருக்கலாம். அதன்மேல் அடியும் விழுந்தால் கடை என்றாலே பயம்தான்.

கல் சூடேறும் நேரத்துக்கு, கூட்டம் சேரும் முன்னே போங்கள். முதல் இரண்டு மூன்று நாள் எதிர்ச்சாரியில் நின்று பார்சல் வாங்கினால் போதும். பிறகு சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போனை மாட்டிவிட்டு ஐந்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். மாஸ்டரிடம், "பையனுக்குச் சத்தம் ஆகாதுண்ணே, அஞ்சு நிமிஷம் கொத்து வேணாம்" என்று சொல்லிப் பாருங்கள். நான் கேட்ட கடைகளில் முகம் சுளித்தவர் குறைவு.

இதைவிட முக்கியமாக, 'போதும்' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். பேச்சு வராவிட்டால் ஒரு சைகை, இல்லையென்றால் சட்டைப்பையில் ஒரு பட அட்டை. அவன் அதைக் காட்டினால், தட்டில் பாதி பரோட்டா இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். "இன்னும் ரெண்டு வாய்" என்று பேரம் பேசினால் அந்த அட்டைக்கு அன்றோடு மதிப்பில்லை. காட்டினால் கிளம்பிவிடலாம் என்ற நம்பிக்கை வந்த பிள்ளைதான் ஐந்து நிமிஷத்தைத் தானாகப் பத்தாக்கும்.

மகளுக்கு 9 வயசு. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் ஊரைக் கூட்டுகிறாள்.
*ஒத்தக்கடையிலிருந்து ஓர் அம்மா*

பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் காலி வண்டி கிடைக்கும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், இரண்டு நிறுத்தம் போய்த் திரும்பும் ஒத்திகைக்குக் காசு செலவில்லை. வேறு வேலை எதையும் அந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். 'முதலில் நடைபாதைப் பக்கம், பிறகு ஜன்னல்' என்று இரண்டு படம் காட்டி, ஒரு நிறுத்தம் வரை நடைபாதைப் பக்க சீட்டில் இருந்தால் அடுத்து ஜன்னல் என்று பழக்குங்கள். சொன்னபடி ஜன்னலைக் கொடுத்துவிடவும் வேண்டும். (பையன் வைத்திருப்பவர்கள் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துவிடுங்கள். அவனுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே பஸ்ஸில் கட்டணமில்லை.)

பேரனை மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகணும். போன் இல்லாம இருக்க மாட்டேங்கிறான்.
*உசிலம்பட்டியிலிருந்து ஓர் அப்பத்தா*

2018 முதல் அங்கே செல்போனுக்கு அனுமதியில்லை, அப்பத்தா. வாசலில் வந்து பிடுங்குவதைவிட, வீட்டிலேயே பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று போன் இல்லாமல் இருந்து பழகட்டும். கையில் அவனுக்குப் பிடித்த துணித்துண்டு ஒன்று இருக்கட்டும்.

போனைவிடப் பெரிய சிக்கல் வாசல் சோதனை. முன்பின் தெரியாத ஒருவர் உடம்பைத் தடவிப் பார்ப்பார். இதை யோசிக்காமல் முதல் நாளே ஒரு பையனைக் கூட்டிப்போய், வாசலிலேயே அழவைத்துத் திரும்பியவள் நான். சித்தப்பாவை போலீஸ்காரராக்கி வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். செருப்பில்லாமல் கல்தரையில் நடக்கவும் பழகட்டும். மதிய வெயிலில் வேண்டாம்.

முதல் தடவை சித்திரை வீதியைச் சுற்றிக் கோபுரம் பார்த்துவிட்டு ஊர் திரும்புங்கள். அடுத்த தடவை பொற்றாமரைக் குளத்தை எட்டிப் பார்த்தால் போதும். தரிசனம் மூன்றாவதோ நான்காவதோ தடவை, வெள்ளிக்கிழமையும் திருவிழாவும் இல்லாத நாளில். அம்மன் எங்கேயும் போய்விட மாட்டாள்.

தெப்பக்குளம் பக்கம் வீடு. 6 வயசுப் பையன் தண்ணீரைக் கண்டால் கையை உதறிவிட்டு ஓடுகிறான்.

இதில் மெதுவாகப் பழக்கலாம் என்ற பேச்சே கிடையாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு, ஆபத்து தெரியாது. கைப்பிடிச் சுவரை நம்பாதீர்கள். வாசல் கதவுக்குக் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். சட்டைக்கு உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் தையுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் பையனைக் காட்டி வையுங்கள். நீச்சலில் சேர்த்துவிடுங்கள், ஆனால் நீச்சல் தெரியும் என்று அசந்துவிடாதீர்கள். காணவில்லை என்றால் முதலில் தெப்பக்குளம், கண்மாய், கிணறு. தெருவில் தேடுவது அதற்குப் பிறகு. ஒருவர் உடனே 112ஐ அழைக்கட்டும்.

14 வயசு மகன் யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடிக்கிறான்.

வணக்கம் சொல்லப் பழக்குங்கள். கை இரண்டும் கூப்பியிருந்தால் கட்டிப்பிடிக்க வழியில்லை. ஆனால் மாமாவும் அத்தையும் அவன் கன்னத்தைக் கிள்ளி மடியில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தால் இது நடக்காது. விதி வீட்டாருக்கும் சேர்த்துத்தான்.

வெளியே எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். "புள்ளைய வளர்த்த லட்சணமா" என்கிறார்கள். என்ன சொல்வது?

"ஆட்டிசம்ங்க, சத்தம் தாங்காது, கொஞ்சம் வழி விடுங்க." அதற்கு மேல் அந்த நேரத்தில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். உங்கள் கண் பிள்ளைமேல் இருக்கட்டும்.