மருந்து எலும்பு மஜ்ஜையைச் சென்றடையுமா?

கேள்வி: என் அண்ணன் மகளுக்குச் சிக்கிள் செல் சோகை. ஹைட்ராக்சியூரியா மாத்திரை எடுத்து வருகிறாள். ஆர்.என்.ஏ. நானோ துகள்களை ஊசியில் செலுத்தி மரபணுவையே திருத்திவிடலாம் என்று படித்தோம். மாத்திரையை விட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்கலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம், நீங்கள் படித்த ஊசி மருந்து இந்நோய்க்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைத்துவிடும் இந்நோய், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-லேயே கண்டறியப்பட்டது. சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்துக்கான மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதே இதற்குக் காரணம். அந்த மரபணுவில் மாற்றம் செய்வதற்கான கட்டளையை, உயிரணுவுக்குள் செய்தி கொண்டுசெல்லும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வாக எழுத இன்று முடிகிறது. ஆனால் வெறும் ஆர்.என்.ஏ. இரத்தத்தில் விரைவில் சிதைந்துவிடும் என்பதால், அதைக் கொழுப்பாலான நுண்துகளுக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். ஆர்.என்.ஏ. இழைகளையே மடித்துத் துகளாக்கும் முறையும் உண்டு. அது பெரும்பாலும் ஆய்வக அளவிலேயே இருக்கிறது.

உண்மையான சிக்கல், துகள் போய்ச் சேரும் இடம்தான். இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் கொழுப்புத் துகளின் மேல் இரத்தத்திலுள்ள ஒரு புரதம் ஒட்டிக்கொள்ள, அதை அடையாளம் கண்டு கல்லீரல் உயிரணுக்கள் துகளை உள்ளிழுத்துக்கொள்கின்றன. 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் என்ற ஆர்.என்.ஏ. மருந்து இவ்வழியில்தான் செயல்படுகிறது. 2025-இல் அங்கே அரிய கல்லீரல் குறைபாட்டுடன் பிறந்த ஒரு குழந்தைக்கென்றே தயாரிக்கப்பட்ட மரபணுத் திருத்த மருந்தும் அவ்வாறே சென்றது. சிக்கிள் செல்லுக்கோ, இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) மருந்து அடைந்தாக வேண்டும். அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் துகளின் மேல் பொருத்தி, எலிகளின் மஜ்ஜைக்கு ஆர்.என்.ஏ.வைக் கொண்டுசேர்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. நம்பிக்கை தரும் திசை இதுவே என்று கருதுகிறேன்.

அதே ஆண்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புக்கொண்ட காஸ்ஜெவி சிகிச்சையில், குருத்தணுக்களை வெளியே எடுத்துத் திருத்தி, கடுமையான கீமோதெரபிக்குப் பிறகு உடலுக்குள் திரும்பச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கூடலூர் மலைக் கிராமத்துக் குழந்தைக்கு எட்டும் சிகிச்சையா அது? ஒரே ஊசியில் முடியும் முறைக்காக நான் இவ்வளவு ஆவலுடன் காத்திருப்பதற்கு இதுவே காரணம்.

அதுவரை மாத்திரையோடு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. குளிரும் உடலில் நீர் வற்றுவதும் வலியைத் தூண்டும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் கம்பளியும் குடிக்கப் போதிய வெந்நீரும் அவளுக்கு அவசியம். காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவளுடன் பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள்.