எல்லாவற்றையும் நானே செய்துவிட்டேன், அப்புறம் ஏன் கோபிக்கிறார்கள்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் விருப்பப் பாடமாக லீடர்ஷிப் எடுத்திருக்கிறேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. போன மாதம் ஐந்து பேர் சேர்ந்து செய்யவேண்டிய ஒரு புராஜெக்டுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். யாரும் நேரத்துக்கு வேலையைத் தரவில்லை, தந்ததும் சுமார்தான். கடைசி இரண்டு இரவும் தூங்காமல் நானே எல்லாவற்றையும் மாற்றி எழுதி முடித்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் குழுவில் இருந்த இருவர், "இனி உன்னோடு சேரமாட்டோம், நீ எங்களை வேலை செய்யவே விடவில்லை" என்கிறார்கள். என் அறைத்தோழியோ, "தலைமையெல்லாம் பிறவியிலேயே வரணும், படிச்சு வராது, பேப்பரை மாத்திடு" என்கிறாள். மாற்றிவிடவா?
– பெயர் வேண்டாம்

பதில்: மாற்றாதீர்கள்.

அறைத்தோழி சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். பிறவிக்குணம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. இரட்டையர்களை வைத்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், யார் பொறுப்புப் பதவிகளுக்கு வருகிறார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் மரபணுவால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மிச்சமெல்லாம் ஒருவருக்கு அமைந்த சூழலும் அனுபவமும்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, 1948-ல், ரால்ஃப் ஸ்டாக்டில் என்ற அமெரிக்க உளவியலாளர் அதுவரை வந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் தலைவராக இருப்பவர் இன்னோரிடத்திலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். உங்கள் தோழிக்கு ஒரு எழுபத்தைந்து வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

இப்போது அந்த இருவர் விஷயத்துக்கு வருவோம். உயிரைக் கொடுத்து உழைத்தும் நன்றி இல்லையே என்று உங்களுக்கு வருத்தம், கடிதத்தில் தெரிகிறது. என் கணிப்பில் அவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. யாரும் நேரத்துக்குத் தரவில்லை என்கிறீர்கள், சரி, எந்த நாள் என்று சொல்லியிருந்தீர்களா, என்ன வேண்டும் என்று சொல்லியிருந்தீர்களா? "நீ அறிமுகம் பார்த்துக்கோ, நீ தரவு பார்த்துக்கோ" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து வந்ததைப் பார்த்து உச்சுக்கொட்டி, எழுதியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். இவ்வளவு துணிந்து ஊகிப்பதற்குக் காரணம், நானும் அதே ரகம்.

படிக்கும் காலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து மாணவர் இதழ் ஒன்று நடத்தினோம், நான் ஆசிரியர். வருகிற கட்டுரை எதையும் அப்படியே போடமாட்டேன். ஒருத்தி எடுத்துத் தந்த பேட்டியை நான் 'செம்மைப்படுத்தி' முடித்தபோது அவளுடைய வாக்கியம் நாலைந்துதான் மிஞ்சியிருந்தது. அச்சாகி வந்ததும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, யார் எழுதினது?" என்று கேட்டாள். அதை நான் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன் பாருங்கள். ஐந்தாவது இதழுக்குக் கட்டுரை தர ஆள் இல்லை, முழுக்க நானே எழுதினேன். ஆறாவது வரவே இல்லை.

கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் 1939-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் பாடத்தில் அநேகமாக வரும், வராவிட்டால் நீங்களே தேடிப் படியுங்கள். பத்து வயதுப் பையன்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்துக் கைவேலை கொடுத்து, எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிற தலைவர், பையன்களோடு கலந்து பேசி முடிவெடுக்கிற தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பரீட்சைக்கு இந்த மூன்று வகையையும் மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது, தலைவர் கொஞ்ச நேரம் அறையைவிட்டு வெளியே போனபோது நடந்தது. தானே முடிவு செய்கிறவர் போனதும் அங்கே வேலை படுத்துவிட்டது. கலந்து பேசுகிறவரின் குழுவில் அவர் இருந்ததற்கும் போனதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்தக் கடைசி வாரத்தில் உங்களுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்திருந்தால் உங்கள் புராஜெக்ட் என்ன ஆகியிருக்கும்?

சரி, அவர்கள் நிஜமாகவே சோம்பேறிகள் என்றால்? இருக்கலாம். கூட்டத்தில் சேர்ந்ததும் கை தளர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். 1979-ல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூவர் கல்லூரி மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் சொல்லிச் சத்தத்தை அளந்தார்கள். ஆறு பேர் சேர்ந்தபோது தலைக்கு வந்த சத்தம், ஒருவர் தனியாக எழுப்பியதில் பாதிகூட இல்லை. இரண்டு வருஷம் கழித்து இதே ஆட்கள் செய்த சோதனையில், கூட்டத்தில் இருந்தாலும் தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று நம்பியவர்களிடம் அந்தத் தளர்ச்சி காணாமல் போனது. உங்கள் குழுவில் யாருடைய சத்தமும் தனியாகக் கேட்க வழியில்லை. எப்படியும் நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள் என்று தெரிந்தபிறகு யார் மெனக்கெடுவார்கள்?

அதனால் அடுத்த புராஜெக்டில் ஒருவருக்கு ஒரு முழுத் துண்டைக் கொடுங்கள், அதன்மேல் அவர் பெயர் இருக்கட்டும், அதை வகுப்பில் விளக்குவதும் அவரே. முடிந்தது என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று முதல் நாளே ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள். கொடுத்த நாட்களில் பாதி போனதும் அரைகுறையாக இருப்பதை எல்லோரும் காட்டவேண்டும், 'அரைகுறை' என்ற வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் கூச்சப்பட்டு ஒளித்துவைப்பார்கள். முதலில் உங்களுடையதைக் காட்டுங்கள். சரியில்லாததை நீங்கள் திருத்தாதீர்கள். எங்கே புரியவில்லை என்று சொல்லி எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். கை துறுதுறுக்கும், எனக்கு இன்னமும் துறுதுறுக்கிறது. அப்படியும் ஒருவர் அசையவே இல்லை என்றால் தனியாகக் கூப்பிட்டு ஒரு முறை கேளுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

மதிப்பெண் கொஞ்சம் குறையலாம், குறையாது என்று சொன்னால் பொய். உதவித்தொகைக்காக ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம் என்ற நிலை இருந்தால் இந்தப் பயிற்சியை மதிப்பெண் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துறை விழா, வாசிப்புக் குழு, விளையாட்டுக் குழு, எதுவானாலும் சரி. அங்கே தலைவர் பதவிக்கு நிற்கவேண்டாம் என்பது என் சொந்தச் சாய்வு. கணக்கு வழக்கோ, அறை ஏற்பாடு செய்வதோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொறுப்பில் இருக்கிறவர் யாரையும் அதட்ட முடியாது, ஆனால் வேலை நடந்தாக வேண்டும், அப்போதுதான் கேட்டு வாங்கும் வித்தை கைவரும். தலைமைப் பயிற்சி என்று நடக்கும் வார இறுதி முகாமுக்குப் போய் வாங்கும் சான்றிதழ் பற்றியும் கேட்பீர்கள். போனால் தப்பில்லை, போகாவிட்டாலும் நஷ்டமில்லை.

அப்படியென்றால் வகுப்பு எதற்கு? நடந்ததற்குப் பெயர் வைக்க. ஒரு நோட்டு போடுங்கள். குழு கூடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை இரண்டு வரி எழுதுங்கள், கூடி முடிந்ததும் என்ன நடந்தது என்று இரண்டு வரி. ஹெர்சியும் பிளான்சர்டும் 1969-ல் சொன்ன, ஆளின் திறமைக்கும் முனைப்புக்கும் ஏற்றபடி நடத்தும் முறையை மாற்றவேண்டும் என்ற கோட்பாடு பாடத்தில் வரும்போது அந்த நோட்டைப் பிரித்துப் பாருங்கள். தரவில் கைதேர்ந்தவரையும், முதல்முறை எழுதுகிறவரையும் ஒரே ஒரு வாட்ஸ்ஆப் வரியில் அனுப்பிவைத்தது கண்ணில் படும். அந்தக் கோட்பாட்டுக்கு ஆய்வு ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை என்று விமர்சனம் உண்டு, இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி.

அதிகம் பேசமாட்டேன் என்கிறீர்கள். அதிகம் பேசுகிறவரைத் தலைவராகப் பார்க்கிற பழக்கம் மனிதர்களுக்கு இருக்கிறது. அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்த பிறகும், சிறு குழுக்களில் அதிக நேரம் பேசியவரையே மற்றவர்கள் தலைவராகக் குறிப்பிட்டார்கள் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அப்படிப் பெயர் வாங்குகிறவர் வேலையை நன்றாக நடத்துவார் என்று அதற்கு அர்த்தமில்லை. அதனால் வாயாடியாக மாறவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் அமைதியானவள் என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடாது, ஏனென்றால் இந்தச் சிக்கலே நீங்கள் பேசவேண்டிய இடத்தில் பேசாமல் கீபோர்டை எடுத்ததால் வந்தது.

இந்த வாரமே அந்த இருவரிடமும் போங்கள், தனித்தனியாக. "நான் என்ன செய்ததால் உனக்கு வேலை செய்யவே பிடிக்காமல் போச்சு?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் எதுவும் கொடுக்காமல் இருங்கள். இரண்டு ராத்திரி தூங்காத கதையை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள், அது அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.