பழைய ரயில் எஞ்சின், டிராம் எல்லாம் இரும்புதானே, வெளியில் நிறுத்தினால் என்ன? அவற்றுக்கு ஏன் வரிப்பணம்?

இரும்பு மட்டும் என்றால் நானும் சரி என்று சொல்லியிருப்பேன். ஒரு ரயில் அருங்காட்சியகத்தில் சில மாதங்கள் தன்னார்வலராக இருந்தேன். திறந்தவெளியில் பல வருடங்களாக நின்ற மர ரயில்பெட்டி ஒன்று அங்கே இருந்தது. பச்சை பெயிண்ட் பளபளவென்று இருக்கும். கதவுக்குக் கீழே சும்மா கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது! கூரைமேல் ஒட்டியிருந்த கான்வாஸ் எப்போதோ வெடித்து, மழைக்கு மழை தண்ணீர் இறங்கி, மரம் ஊறி உளுத்திருந்தது. பெட்டியின் உருவத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது பெயிண்ட் மட்டும்தான்.

நீராவி எஞ்சினும் தப்பாது. கொதிகலனைச் சுற்றி சூடு போகாமலிருக்க ஒரு போர்வை, அதன்மேல் மெல்லிய தகடு. நடுவில் புகுந்த தண்ணீர் எளிதில் காயாது. வெளியே பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பார்கள், உள்ளே துரு அதன் வேலையைப் பார்க்கும். பல பழைய எஞ்சின்களில் அந்தப் போர்வை ஆஸ்பெஸ்டாஸ் வேறு. அதைப் பிரித்தெடுப்பதே தனிச் செலவு.

ஆக, முதலில் வேண்டியது கூரை. ஆனால் ரிப்பன் வெட்டத்தான் பணம் கிடைக்கும், மழைநீர்க் குழாய் அடைப்பை எடுக்கக் கிடைக்காது. கனடாவின் அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தை 1967-ல் ஒட்டாவாவில் ஒரு பழைய பேக்கரிக் கிடங்கில் தற்காலிகமாகத்தான் திறந்தார்கள். 2014-ல் பூஞ்சை பிடித்து மூடும்வரை அந்தத் 'தற்காலிகம்' நீடித்தது. அப்புறம் அரசு 8.05 கோடி கனடா டாலர் ஒதுக்கி, 2017-ல் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

பிரிட்டன் யார்க் நகரில் செய்தது எனக்குப் பிடிக்கும். 1975-ல் தேசிய ரயில் அருங்காட்சியகத்தை ஒரு பழைய எஞ்சின் ஷெட்டிலேயே வைத்தார்கள். தண்டவாளம், எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. ஆனாலும் 15 வருடத்தில் கூரை கெட்டுப்போய், மாற்றிக் கட்டி 1992-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

டிக்கெட் வசூலில் சமாளிக்க முடியாதா என்றால், கிடங்கில் நிற்பதற்கு யார் டிக்கெட் வாங்குவார்? லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் தொகுப்பில் பெரும்பகுதி ஆக்டனில் உள்ள கிடங்கில்தான் இருக்கிறது. பொதுமக்களுக்கு அது வருடத்தில் சில நாள்கள்தான் திறக்கும். மின்சாரம், காவல், தீயணைப்பு ஏற்பாடு மட்டும் வருடம் முழுக்க வேண்டும். தீயை விளையாட்டாக நினைக்க வேண்டாம். 2005-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஒரு ஷெட் எரிந்தபோது, உள்ளே நின்ற பல பழைய எஞ்சின்களோடு, 1835-ல் ஓடிய 'ஆட்லர்' எஞ்சினின் நகலும் சிக்கிக்கொண்டது. அதைப் பிறகு திருப்பிக் கட்டினார்கள்.

கேட்டதையெல்லாம் அரசு கொடுக்க வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரே ரகத்தில் மூன்று எஞ்சின்கள் இருந்தால், இரண்டை ஓட்டிக்காட்டும் குழுக்களிடம் கொடுத்துவிடலாம். ஆர்வலர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அந்தப் பச்சைப் பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. அளவெடுத்து, படம் பிடித்து, பித்தளைக் கைப்பிடிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, அடிச்சட்டத்தை மட்டும் விட்டுவைத்தோம். உள்ளே இடமில்லாததால் அதுவும் தார்ப்பாய் போர்த்தி வெளியில்தான் நின்றது.