கிளிப் ஏன் பொடிகிறது? பாலிமர் கேள்வி பதில்

கேள்வி: சார், மொட்டை மாடிக் கொடியில் மாட்டும் கிளிப் சில மாதத்திலேயே வெளிறி, கை வைத்தாலே பொடிகிறது. பக்கத்தில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்றும் ஆவதில்லையே?

பதில்: கிளிப் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பனில் மீத்தைல் கிளை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) தொங்கும். கிளை முளைத்த இடத்து ஹைட்ரஜனுக்குப் பிடி கொஞ்சம் தளர்வு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு அது கழன்றால், காலியான இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்துகொள்ளும். பிறகு சங்கிலி அங்கேயே அறும். அறும்போது பிறக்கும் தனி உறுப்பு, அதாவது ஜோடியில்லா எலக்ட்ரானோடு தவிக்கும் துண்டு, அடுத்த ஹைட்ரஜனைப் பிடுங்கும், அப்படியே தொடரும். வெளிறிய கிளிப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள், வறண்ட ஏரி மாதிரி வெடித்திருக்கும்.

தொட்டி பாலிஎத்திலீன், அதில் கிளைகள் குறைவு. அதைவிட முக்கியம், அந்தக் கறுப்பு. கார்பன் கரித்தூள் அது. கதிரை மேல்தோலிலேயே விழுங்கிவிடும். அழகுக்குப் போட்டதில்லை.

கேள்வி: எத்திலீன் வாயுதானே? எப்படிக் கெட்டியாகிறது?

பதில்: இரட்டைப் பிணைப்பில் ஒன்றைத் திறந்துவிட்டால் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கை கோத்துக்கொள்ளும். 1933-இல் இங்கிலாந்தின் ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஃபாசெட்டும் கிப்சனும் வேறு எதையோ செய்யப் போய், கலத்தில் மெழுகு மாதிரி வெள்ளைப் பொருளைக் கண்டார்கள். திரும்பச் செய்தால் சரியாக வரவில்லை. 1935-இல்தான் கைகூடியது, வாயுவில் துளி ஆக்சிஜன் கலந்திருந்ததுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. உங்கள் கிளிப்பைக் கெடுக்கும் அதே ஆக்சிஜன்!

கேள்வி: பழையதைச் சூடாக்கினால் மூலப்பொருள் திரும்பக் கிடைக்காதா அண்ணா?

பதில்: அக்ரிலிக்கில் கிடைக்கும். காற்றுப் படாமல் சூடேற்றினால் ஸ்வெட்டர் நூல் மாதிரி நுனியிலிருந்து பிரிந்து, பெரும்பகுதி மோனோமராகவே, அதாவது சங்கிலியாகக் கோக்கும் முன் இருந்த சிறு மூலக்கூறாகவே வரும். பாலிஎத்திலீன் கண்ட இடத்தில் அறும். வாயு, எண்ணெய், மெழுகு என்று கலவைதான் மிஞ்சும். பிவிசியை மட்டும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள், முதலில் வெளியேறுவது ஹைட்ரஜன் குளோரைடு. மூக்கும் தொண்டையும் எரியும்.

கேள்வி: 'மக்கும்' என்று எழுதிய பிஎல்ஏ கப்பைத் தோட்டத்தில் புதைத்து ஒரு வருடமாச்சு. அப்படியே இருக்கு. ஏமாற்றா?

பதில்: முழுக்க ஏமாற்று இல்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பிஎல்ஏ என்பது பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக். அதன் சங்கிலியைக் கோக்கும் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர்தான் அறுக்க வேண்டும். சுமார் 60 டிகிரிக்குக் கீழே சங்கிலிகள் விறைத்துக் கிடப்பதால் அந்த வேலை ஆமை வேகம். தொழிற்கூட உரக்குவியலில் அந்தச் சூடு உண்டு. உங்கள் வாழை மரத்தடியில் ஏது? தோண்டி எடுத்து, அடியில் ஓட்டை போட்டு மிளகாய் நாற்று விடுங்கள்.